பதினோரு நிமிடம் என் முகம்

முப்பத்தைந்து வருடம் தபால்களில் முத்திரை குத்திய கை. பூமி அதிர்ந்தாலும் ஆடாது. அதை நம்பித்தான் மகள், தான் பாடம் எடுக்கும் மூன்றாம் வகுப்புக்கு என்னை அழைத்துப் போனாள். பிள்ளைகள் செய்யும் செயல்பாட்டை வீடியோ எடுத்து நாலு மணிக்குள் கல்வி அதிகாரிக்கு அனுப்பினால்தான் அவள் டீச்சர் வேலை நிரந்தரம்.

"போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னா போதும்பா. வாயே திறக்காதீங்க."

"நான் எப்பம்மா திறந்திருக்கேன்?"

மேசை மேல் ஒரு வாளித் தண்ணீர். எது மிதக்கும், எது மூழ்கும் என்று போட்டுப் பார்க்க வேண்டும். நாற்பது பிள்ளைகள், நாலாயிரம் பேரின் சத்தம்.

"மிஸ், தாத்தா கண்ணாடி மிதக்குமா?" என்றாள் முன்வரிசை வாயாடி. மகள் திரும்புவதற்குள் என் மூக்கு காலி. கண்ணாடி கல்லாக மூழ்கியது.

"நேரமாச்சு, ஆரம்பிங்கப்பா!"

தூரத்தில் எனக்குக் கழுகுக் கண். கிட்டத்தில் சுத்தமாக ஒன்றும் தெரியாது. போனில் எதையெதையோ அழுத்தினேன். திரையில் உருண்டையாக ஒன்று பளபளத்தது. வாளி என்று நினைத்துக்கொண்டு, எதிரே நடந்ததை ஆனந்தமாகப் பார்த்தேன்.

மூன்றே முக்காலுக்கு மகள் போனைப் பிடுங்கி அப்படியே அனுப்பிவிட்டாள். வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் திறந்து பார்த்தாள். பளபளத்தது என் வழுக்கை! பதினோரு நிமிடமும் என் முகம். பென்சில் பெட்டி மிதந்த இடத்தில் என் புருவம் உச்சந்தலையைத் தாண்டிப் பின்கழுத்துக்கே போயிருந்தது.

"போச்சுப்பா, என் வேலை போச்சு," என்று அவள் கண் கலங்கினாள். அப்போதுதான் என் வாய் உண்மையிலேயே மூடியது.

மறுநாள் கல்வி அதிகாரி போன் செய்தார். "முந்நூறு வீடியோ பாத்தேன்மா. எல்லாத்துலயும் பிள்ளைங்க கேமராவைப் பாத்தே இளிக்குதுங்க. உன்னோடதுல ஒரு பெரியவர் என்னமா வியக்கிறாரு, ஒரு பிள்ளைகூட கேமராவைப் பாக்கலையே!"

எப்படிப் பார்க்கும்? ஒரு பிள்ளைகூட அதில் இல்லையே. வேலை நிரந்தரமானது.

அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது: இனி ஒவ்வொரு வீடியோவிலும் ஒரு பெரியவர் வியக்க வேண்டும், குறைந்தது மூன்று இடங்களில்.

நேற்று மறுபடி வகுப்புக்குப் போனேன். பெஞ்சுகள் காலி. வாளி கவிழ்ந்து கிடந்தது.

"பிள்ளைங்க எங்கம்மா?"

"மைதானத்துக்கு அனுப்பிட்டேன். இருந்தா ஒரே சத்தம்," என்று என் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள். "ம், வியங்கப்பா."

ஏழு முறை எடுத்தாகிவிட்டது. பூமி அதிர்ந்தாலும் இந்தப் புருவம் ஆடாது போலிருக்கிறது.