பதினோரு மாதத்துக்கு முந்தைய உத்தரவு

சட்டக் கல்லூரியின் கீழ்த்தளத்தில், உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்துதான் அந்த மையத்தைத் தொடங்கியிருந்தார்கள். ஒரு நீள மேசை, கால் ஆடும் ஒன்றையும் சேர்த்து ஒன்பது நாற்காலிகள், ஓர் இரும்பு அலமாரி. வக்கீல் வைக்க வழியில்லாத கைதிகளின் வழக்குகளை இறுதியாண்டு மாணவர்கள் எடுத்து நடத்தும் இடம் அது. மனு எழுதுவார்கள், சிறைக்குப் போய்க் கட்சிக்காரரைப் பார்ப்பார்கள், வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோர்ட்டில் பேசவும் செய்வார்கள். புத்தகத்தில் பளிச்சென்று இருக்கும் சட்டம், உயிருள்ள மனுஷன் எதிரில் வந்து உட்கார்ந்ததும் எப்படிப் பல்லிளிக்கிறது என்று அங்கேதான் அவர்களுக்குத் தெரியவரும்.

மையத்தை நடத்தியவளை மாணவர்கள் மேடம் என்பார்கள், கைதிகள் வக்கீலம்மா என்பார்கள். நாற்பத்தாறு வயது. கோர்ட்டில் வாயைத் திறந்தால் எதிர்த்தரப்புக்கு வியர்க்கும் என்று பேர். வகுப்பிலும் அப்படித்தான், ஒரு தேதியைத் தப்பாகச் சொன்னாலும் ஆளை உரித்துத் தொங்கவிட்டுவிடுவாள்.

அந்த வருஷத்து எட்டுப் பேரில் ஒருத்திக்கு நோண்டி என்று பட்டப்பெயர். எதையும் சும்மா விடமாட்டாள், நோண்டிக்கொண்டே இருப்பாள். வக்கீல் இல்லாத கைதிகள் என்று சிறை அலுவலகம் கொடுத்த பட்டியலிலிருந்து அவளுக்கு வந்தது ஒரு டைல்ஸ்காரரின் வழக்கு. தரைக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்த கட்டிடத்திலிருந்து தண்ணீர் மோட்டாரைத் திருடிவிட்டார் என்று குற்றச்சாட்டு. உள்ளே போய்ப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. விசாரணை இன்னும் தொடங்கவில்லை.

"அவரை இன்னும் பாக்கல மேடம். ஜெயில் ஆபீஸ்ல கேட்டா, முன்னாடி ஒரு வக்கீலம்மா வாதாடுனாங்களாம். பேர் தெரியலையாம்" என்று நோண்டி முதல் வாரமே வந்து சொன்னாள்.

"அப்போ கோர்ட்டுக்குப் போய்க் கேஸ் கட்டைப் பிரிச்சுப் பாரு. ஜெயில்ல சொல்றத மட்டும் வச்சு ஒரு வரி எழுதக் கூடாது" என்றாள் மேடம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்பு தொடங்கும்போது நோண்டி வாசலிலேயே நின்றாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"மேடம், உங்ககிட்ட கொஞ்சம் தனியாப் பேசணும்."

"என்ன தனியா? இங்க எட்டுப் பேரும் ஒரே வக்கீல் ஆபீஸ். கேஸ் சமாச்சாரம்னா எல்லாரும் கேக்கட்டும். உக்காரு. சொல்லு."

"இல்ல மேடம், இது..."

"சொல்லுன்னா சொல்லு."

நோண்டி உள்ளே வந்து உட்கார்ந்தாள். "டைல்ஸ்காரருக்கு ஜாமீன் ஏற்கெனவே கிடைச்சிருச்சு மேடம். பதினோரு மாசத்துக்கு முன்னாடி. சொந்த ஜாமீன். வெளி ஆள் கையெழுத்துகூட வேணாம். உத்தரவு நகலை வாங்கி, அவர்கிட்ட பத்திரத்துல ஒரு கையெழுத்து வாங்கித் தாக்கல் பண்ணியிருந்தா அன்னைக்கே விட்டிருப்பாங்க. யாரும் வாங்கல. கட்டுக்குள்ளயே கிடக்கு."

யாரோ பேனாவைக் கீழே போட்டார்கள்.

"பதினோரு மாசமா?"

"ஆமா மேடம். நடுவுல ரெண்டு மாஜிஸ்திரேட் மாறிட்டாங்க. வீடியோவுல ஆளைக் காட்டுறது, மறு தேதி போடுறது. அவ்வளவுதான் நடந்திருக்கு."

மேடம் எழுந்துவிட்டாள். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "கேட்டீங்களா எல்லாரும்? இதைவிடப் பெரிய பாடம் நான் உங்களுக்கு நடத்த முடியாது. தோத்துப்போன வக்கீலை மன்னிச்சிரலாம். ஜெயிச்சுட்டு, ஜெயிச்சதைக்கூடப் போய்ப் பாக்காதவங்களை என்ன பண்றது? ஒரு மனுஷன் உள்ள கிடக்கறான், கதவு திறந்திருக்குன்னு அவனுக்குச் சொல்ல ஆளில்ல. இந்த அம்மா எல்லாம் எதுக்குக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டுத் திரியுது? சன்னதைப் பிடுங்கி வீட்டுக்கு அனுப்பணும். யாரு அது? வக்காலத்துல கையெழுத்து இருக்குமே, பாத்தியா இல்லையா?"

"பாத்தேன் மேடம்."

"யாரு?"

நோண்டி பையிலிருந்து நகலை எடுத்து மேசைமேல் வைத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, மேடம் பக்கமாகத் தள்ளினாள்.

இரண்டு எழுத்து, ஒரு நீண்ட கோடு, கோட்டின் நுனியில் ஒரு சுழிப்பு. காலையில் வருகைப் பதிவேட்டில் போட்டுவிட்டு வந்த அதே கையெழுத்து. பக்கத்தில் மையத்தின் முத்திரை.

முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ தன்னைப்போலவே எழுதியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. பிறகு தேதியைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். உட்கார்ந்தது கால் ஆடும் நாற்காலி. அது ஒரு பக்கம் சாய்ந்தது. பிடிக்க வந்த பையனிடம் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

எல்லாம் துண்டுதுண்டாக நினைவுக்கு வந்தது. போன வருஷம், பருவம் முடிகிற வெள்ளிக்கிழமை. ஒரே மத்தியானத்தில் ஏழு ஜாமீன் மனு. கடைசி மனுவைக் கேட்டுவிட்டு மாஜிஸ்திரேட், "உத்தரவு பிறகு" என்றார். மறுநாள் மாணவர்கள் பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டார்கள். இவள் ஒரு கருத்தரங்குக்குக் கிளம்பினாள். டாக்டர்கள் வார்டில் கற்பதுபோல வக்கீல்கள் வழக்கில்தான் கற்க வேண்டும் என்று அங்கே நாற்பது நிமிஷம் பேசிக் கைதட்டல் வாங்கினாள். உத்தரவு அடுத்த செவ்வாய்க்கிழமையே வந்திருக்கிறது. அடுத்து வருகிறவர்களுக்காக மாணவர்கள் எழுதி வைத்த ஒப்படைப்புக் குறிப்பில் 'உத்தரவு நிலுவை' என்று ஒரே வரி. அந்தக் குறிப்பு அலமாரிக்குள் போனது. புது மாணவர்கள் வந்தார்கள், புது வழக்குகள் வந்தன. டைல்ஸ்காரரின் பேரைக் கேட்டபோதுகூட அவளுக்குப் பொறி தட்டவில்லை.

"மேடம், தண்ணி" என்றான் ஒருவன்.

தண்ணீரைக் குடித்தாள். பாதி சேலையில் கொட்டியது.

"நீ எப்போ பாத்த?" என்று நோண்டியைக் கேட்டாள்.

"நேத்து சாயங்காலம் மேடம். நேர்ல சொல்லணும்னு நினைச்சேன்."

"நான் உன்னைப் பேசவே விடல."

நோண்டி தலையைக் குனிந்துகொண்டாள். சற்றுமுன் அந்த அம்மாவைத் திட்டிய ஒவ்வொரு சொல்லும் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எட்டுப் பேரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே முக்கால். "அவர் இன்னைக்கே வெளிய வரணும்" என்றாள். குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. "ஆனா அவருக்காக நான் இனிமே நிக்க முடியாது. தப்புப் பண்ணவளே அவருக்கு வக்கீலா இருந்தா, அவரைப் பாப்பாளா, தன்னைக் காப்பாத்திக்கப் பாப்பாளா? நீ மனு எழுது. நடந்ததை நடந்தபடி எழுது. என் பேரை விட்டுறாத."

அடுத்த தெருவில் தொழில் செய்யும் தன் பழைய வகுப்புத் தோழரைப் போனில் பிடித்தாள். "அடக் கடவுளே" என்றார் விஷயத்தைக் கேட்டதும். "சரி, பன்னெண்டு மணிக்கு வந்துடறேன். பொண்ணு பேசட்டும், நான் பக்கத்துல நிக்கறேன்."

கோர்ட்டில் மேடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அங்கேயிருந்து அந்த அறையை அவள் பார்த்ததே இல்லை. மின்விசிறிச் சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. கைதிகளின் வீட்டு ஆட்கள் இத்தனை வருஷமாக இங்கே உட்கார்ந்துதான் ஒன்றும் கேட்காமல், வக்கீலின் முதுகையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

நோண்டி பேசினாள். முதல் வாக்கியத்தில் குரல் நடுங்கியது, இரண்டாவதில் நிதானம் வந்துவிட்டது. மாஜிஸ்திரேட் இந்தக் கோர்ட்டுக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கட்டைப் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் புரட்டினார்.

"இந்த உத்தரவு இங்கயே இருந்திருக்கா? நானே நாலு தடவை இவருக்குத் தேதி போட்டிருக்கேனே" என்றார், யாரிடம் என்றில்லாமல். பெஞ்சு கிளார்க் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தார். "அப்போ ஆஜரான வக்கீல் யாரு?"

நோண்டி வாயைத் திறந்தாள். மனுவில் எழுதிவிட்டாள், வாயால் சொல்ல முடியவில்லை.

"நான்தான்" என்றாள் மேடம், கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து. "உத்தரவு வந்ததா இல்லையான்னு போய்ப் பாக்காதது நான்தான். இதைப் பதிவு பண்ணிக்கணும்."

முன்வரிசை வக்கீல்கள் மொத்தமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

நாலரை மணிக்கு டைல்ஸ்காரர் சிறை வாசலுக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். இடுப்புத் துணி நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி குழந்தையோடு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். குழந்தை அவரைப் பார்த்ததும் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டது.

மேடம் முன்னால் போனாள். அவரோ அவளைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"வக்கீலம்மா! நீங்களா? நீங்கதான் மறுபடி வந்தீங்களா? உள்ள எல்லார்கிட்டயும் சொல்லுவேன், அன்னைக்கு நீங்க பேசுனத. என்னா பேச்சு! ஜட்ஜுதான் மனசு இரங்கலன்னு நினைச்சேன். உங்க மையத்துல போய்ச் சொல்லுங்கன்னு மூணு பேருக்கு நானே சொல்லி விட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இது நெஞ்சில் மிதித்த மாதிரி இருந்தது.

"ஜட்ஜு அன்னைக்கே இரங்கிட்டார்" என்றாள். "நாலே நாள்ல உங்களை விடச் சொல்லி எழுதிட்டார். நான்தான் போய்ப் பாக்கல. பதினோரு மாசம் நீங்க உள்ள இருந்தது என்னாலதான்."

அவர் சிரித்த முகத்தோடேயே நின்றார். காதில் விழுந்தது உள்ளே இறங்க நேரம் எடுத்தது. கும்பிட்ட கை மெதுவாகக் கீழே வந்தது.

"என்னம்மா சொல்றீங்க?"

அவள் திரும்பவும் சொன்னாள். அதற்குள் மனைவி பக்கத்தில் வந்துவிட்டாள். "நான் மூணு தடவை உங்க ஆபீசுக்கு வந்தேன்" என்றாள் அவள். "லீவுன்னு பூட்டு தொங்குச்சு. கோர்ட்டுல கேட்டா, கிடைச்சா வக்கீல் சொல்லுவாங்கன்னாங்க. நீங்க சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"ஒரு போனு" என்றார் டைல்ஸ்காரர். "ஒரே ஒரு போனு போட்டிருந்தா போதும் இல்ல?"

"போதும்."

அவர் கத்தவில்லை, ஏசவில்லை. நோண்டியைப் பார்த்து, "என் கேசை நீ பாரும்மா. இவங்க வேணாம்" என்றார். அழுகிற குழந்தையைத் தூக்கக் கை நீட்டினார்; அது வரவில்லை. மூவரும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்கள்.

மறுநாள் கல்லூரி முதல்வர் கூப்பிட்டு, "அதான் ஆள் வெளிய வந்துட்டானே. பார் கவுன்சிலுக்கெல்லாம் நீங்களா எதுக்கு எழுதிக் குடுக்கறீங்க? மையத்தை மூடச் சொல்லிட்டா?" என்றார். அவள் எழுதிக் கொடுத்தாள். ஆறு மாதம் கோர்ட்டுக்குள் ஆஜராகக் கூடாது என்று தீர்ப்பானது. மையத்தை வகுப்புத் தோழர் ஏற்றுக்கொண்டார். அதற்கு முன்னால் ஒரு காரியம் நடந்தது. அலமாரியிலிருந்த பழைய வழக்குகள் அத்தனையையும் எட்டு மாணவர்களும் தரையில் பரப்பினார்கள். நாலு நாள் கோர்ட்டுக்கும் கல்லூரிக்கும் அலைந்து, ஒவ்வொன்றுக்கும் முடிவு என்ன என்று நேரில் பார்த்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு மாணவன் ஒரு நகலோடு வந்து நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததுமே மேடம் நகலுக்குக் கையை நீட்டினாள்.

டைல்ஸ்காரரின் வழக்கு ஐந்து மாதம் கழித்து விசாரணைக்கு வந்தது. மோட்டாரைக் கட்டிடக் காண்ட்ராக்டரே வேறொரு கட்டிடத்துக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தார் என்பது குறுக்கு விசாரணையில் நோண்டி கேட்ட எட்டாவது கேள்வியில் வெளியே வந்தது. விடுதலை. மேடம் உள்ளே போகவில்லை, ஆஜராகும் தடை இன்னும் முடியவில்லை. வராந்தாவில் சுவரோரம் நின்றிருந்தாள்.

வெளியே வந்த டைல்ஸ்காரர் அவளைக் கடந்து போய், நாலு எட்டு தள்ளி நின்று, திரும்பி வந்தார்.

"ஒண்ணு கேக்கணும். என்னை மாதிரி வேற யாராச்சும் இருந்தாங்களா? பாத்தீங்களா?"

"பாத்தோம். இன்னும் ஒருத்தர் இருந்தாங்க."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளை. ஏழு மாசம்."

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. "வெளிய வந்துட்டாங்களா?"

"கண்டுபிடிச்ச அன்னைக்கே வந்துட்டாங்க."

தலையை ஆட்டினார். படி இறங்கிப் போனார்.