ஆயிரத்தோடு நிறுத்தியவர்

பார்சல் பிரிக்கும் கூடத்தில் முத்திரை குத்துகிறவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. எந்த எண்ணைக் கண்டாலும் அதன் பூர்வீகத்தை விசாரிக்காமல் விடமாட்டார். ஒற்றையா, இரட்டையா, வர்க்கமா, பகா எண்ணா? நாற்பத்தாறு வயதுவரை கல்யாணம் ஆகாததற்கு இதுதான் காரணம் என்பார் வேன் டிரைவர். முத்திரைக்காரர் மறுத்ததில்லை.

அந்தக் கிறுக்கைச் சகித்துக்கொண்ட ஒரே ஜீவன் எதிர் மேசைத் தராசுக்காரம்மா. ஐந்து வருடமாகச் சாப்பாட்டு வேளையில் ஒரு எண் கொடுப்பார்; இவர் ஜாதகம் சொல்வார்.

திங்கட்கிழமை துண்டுச்சீட்டில் பெரிய எண்ணாக வந்தது: 1032247.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. அன்னைக்கு நாலு மணிக்கு மாற்றல் கடிதத்த மேனேஜர்கிட்ட குடுக்கணும். போறேனா, இருக்கேனான்னு."

மாற்றல் ஊர் எட்டு மணி நேரப் பயணம். 'போகாதீங்க' என்று சொல்ல முத்திரைக்காரருக்கு நாக்கு எழவில்லை. எழுந்தது பென்சில்தான். ஆயிரத்துக்குள் இருக்கும் நூற்று அறுபத்தெட்டு பகா எண்களாலும் ஒவ்வொன்றாக வகுத்தார். எதிலும் மீதி நின்றது.

வெள்ளி மதியம் பெருமையாகவே சொன்னார்: "பகா எண்ணுங்க. ஒண்டிக்கட்டை. எதுவும் உள்ள நுழைய முடியாது."

தராசுக்காரம்மா டிபன் டப்பாவை மெதுவாக மூடினார். "நல்லா பாத்துட்டீங்களா?"

"ஆயிரம் வரைக்கும் ஒண்ணு விடலங்க."

"சரிங்க."

மூன்றரைக்கு வேன் டிரைவர் வந்தார். "அந்தம்மா மூஞ்சில ஈயாடல. என்னண்ணே சொன்னீங்க?"

"பகா எண்ணுன்னேன்."

"கெட்ட வார்த்தையா?"

"அட, ஆயிரம் வரைக்கும் எதாலயும் வகுபடலப்பா."

"ஏன் ஆயிரத்தோட நின்னுட்டீங்க? கால் வலிச்சுதா?"

"ஆயிரத்த ஆயிரத்தால பெருக்குனா பத்து லட்சம். எண்ணு அதுக்கு மேல போனாத்தான்…"

வாய் பாதியில் நின்றது. எண் பத்து லட்சத்தைத் தாண்டி முப்பத்திரண்டாயிரம் போயிருந்தது. வர்க்கமூலம் வரை பார்த்தால் இன்னும் இரண்டு பகா எண்கள் பாக்கி. 1009: மீதி நாற்பது. 1013: மீதி இல்லை.

1013 அவர் சட்டையில் குத்தியிருக்கும் பணியாளர் எண். ஈவு 1019; தராசுக்காரம்மாவின் எண், ஐந்து வருடமாக எதிர் மேசையில் பார்த்துக்கொண்டே சாப்பிட்ட எண். உலகத்தையெல்லாம் சலித்த மனுஷன் தன் சட்டைப்பையைக் குனிந்து பார்க்கவில்லை.

மேனேஜர் அறை வாசலில் மூச்சிரைக்க நின்றார். தராசுக்காரம்மா கடிதத்தோடு நின்றிருந்தார்.

"தப்புங்க. அது பகா எண் இல்ல. உள்ள ரெண்டு பேரு இருக்காங்க."

"யாரு?"

முத்திரைக்காரர் தன் சட்டையைத் தொட்டுக் காட்டினார்.

"வாயால சொல்லுங்க. நாலாகப்போகுது."

"நானும்… நீங்களும். போகாதீங்க."

கடிதத்தில் போகிறேனா, இருக்கிறேனா என்று குறிக்கும் கட்டம் இன்னும் காலியாகவே இருந்தது. தராசுக்காரம்மா கையை நீட்டினார். இவர் அவசரமாகக் கொடுத்தது, ஓடிவரும்போது கையோடு வந்துவிட்ட முத்திரைக் கட்டை.

"அது அப்புறம்," என்றார் தராசுக்காரம்மா. "முதல்ல பேனா."