பின்னறையின் காற்றுத்துளை

1

இந்தக் கதை கொத்தனாரிடம் நான் சொன்ன ஒரு பொய்யில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் அழகாக எழுதி மறைத்துவிடுவேன்.

முதல் வரைவின் தொடக்கம்: 'அக்காவின் அறைக்குள் காற்று ஒரு விருந்தாளியைப் போல...' (அடித்துவிட்டேன். காற்று அந்த அறைக்குள் வரவேயில்லை.)

2

அத்தான் போன பிறகு அக்கா என்னோடு வந்து இருந்தாள். பின்னறை அவளுக்கு. மெல்லிய தடுப்புக்கு இந்தப் பக்கம் என் எழுதும் மேஜை. அவள் ஜன்னலுக்கு மேலே கையகலத்தில் ஒரு காற்றுத்துளை இருந்தது. பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுக்கும் சத்தம் அது வழியாக வந்து என் வாக்கியங்களைக் கெடுத்தது. அவள் வெளியூர் போயிருந்த வாரம், துளையில் என் பழைய சட்டையைத் திணித்து, மேலே அட்டை ஒட்டி, வெள்ளையடித்தேன். திரும்பி வந்தவள் கவனிக்கவில்லை. "தூசி வருது, ஜன்னலைத் திறக்காதே" என்றும் சொல்லிவைத்தேன்.

இரண்டு வருடம். பீரோவுக்குப் பின்னால் சுவர் ஈரம் கோத்துக் கறுத்தது. அவளுக்கு இருமல் நிற்கவில்லை.

"ரூம்ல காத்தோட்டம் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"இருக்கு டாக்டர்." சொன்னது நான்.

3

கடைசியில் கொத்தனார் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், அட்டையைக் கிழித்தார், சட்டையை உருவித் தரையில் போட்டார்.

"யாரு சார் இதை அடைச்சது?"

"அக்காதான். அவங்களுக்குக் குளிர் ஆகாது."

அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள். சட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"ஆமாங்க, நான்தான். புத்தி கெட்டுப்போய் அடைச்சுட்டேன்."

"மூச்சு முட்டாம என்னம்மா செய்யும்? சின்னக் குழந்தையா நீங்க?"

அவள் தலையாட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

(இவ்வளவு நல்லவளா என்று நீங்கள் சந்தேகப்படலாம். இல்லை. உப்புக் குறைந்தால் வீட்டையே இரண்டாக்குவாள். அதனால்தான் அந்த அமைதி என்னை இன்னும் உறுத்துகிறது.)

4

வேலை சுத்தமாக முடிந்தது. துளைக்கு வலை, எதிர்ச் சுவரில் தாழ்வாக, மழை புகாதபடி வெளிப்பக்கம் சரித்து, காற்று வர ஒரு குழாய், கதவின் அடியில் விரலளவு இழைத்து இடைவெளி. ஒரே மாதத்தில் சுவர் காய்ந்தது.

அதற்குள் அக்கா தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். கிளம்பும்போது, "அந்த ரூமை நீயே வச்சுக்கோடா. காத்து நல்லா வரும்" என்றாள். கிண்டலா என்று...

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் நான் போன் செய்கிறேன். ஒன்றில் நேரில் போகிறேன். ஒன்றில் அவளே திரும்பி வருகிறாள். மூன்றிலும் அவள் என்னை மன்னித்துவிடுகிறாள். எழுதுகிறவன் நானல்லவா? மூன்றையும் கிழித்துவிட்டேன்.

நேரில் சொல்லத் துப்பில்லாமல்தான் அச்சில் சொல்கிறேன். என் கதை எதில் வந்தாலும் அக்கா வாங்கிப் படிப்பாள். மற்றவர்கள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

அக்கா, அடைச்சது நான்தான்னு உனக்குத் தெரியும். இனி முடிவை நீ சொல்லு.