மூக்குக்குள் இருந்த கல்

குச்சி அடுக்குவதில் சீனித்தாயின் வேகம் அந்தத் தீப்பெட்டி ஆபீசில் யாருக்கும் கிடையாது. ஆனாலும் அவள் பக்கத்தில் ஒருத்தியும் உட்காரமாட்டாள். விவரம் தெரிந்த நாளிலிருந்தே அவள் மூக்கிலிருந்து அழுகல் வாடை வந்துகொண்டிருந்தது. எட்டயபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். அதன்பிறகு வீட்டுக்குள்ளேயும் தாவணியால் முகத்தை மூடிக்கொண்டுதான் பேசினாள்.

மூக்கு உள்ளே புண்ணாகி நாறுகிற பீனிசம் என்று ஊரே சொன்னது. நொச்சித் தழை போட்டு ஆவி பிடித்துப் பார்த்தார்கள். மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர்களும் எட்டி நின்றுதான் எழுதினார்கள். எழுபத்தொன்பதாம் வருஷம் காது மூக்கு தொண்டைக்கென்றே படித்த டாக்டர் முத்துமாரியம்மாள் கோவில்பட்டிக்கு வந்தார். பசுவந்தனையிலிருந்து மகளைப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள் தாய் ஆவுடைத்தாய்.

டாக்டர் எட்டி நிற்கவில்லை. முட்டியோடு முட்டி இடிக்க எதிரில் உட்கார்ந்து, தாவணியை எடுக்கச் சொன்னார். மூக்கில் சீக்கு என்று வந்தவளுக்குத் தலையிலிருந்து ஆரம்பித்தார். முடியை விலக்கிப் பார்த்தார். நெற்றியை, புருவத்தை, கன்னங்களைக் கட்டைவிரலால் அழுத்தினார். இடது கன்னத்தில் அழுத்தியபோது சீனித்தாய் முகம் சுளித்தாள். காதுகளுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தார். இரும்புக் கவையைத் தட்டி, அது ரீங்கரிக்கும்போதே காதருகே பிடித்து, எந்தப் பக்கம் நன்றாகக் கேட்கிறது என்று விசாரித்தார். இடது பக்கம் கொஞ்சம் மந்தம்.

பிறகு பளபளப்பான ஒரு தகட்டை மூக்குக்குக் கீழே பிடித்து மூச்சு விடச் சொன்னார். வலது துவாரத்துக்கு நேரே தகட்டில் ஆவி படிந்தது. இடது துவாரத்துக்கு நேரே தகடு அப்படியே மின்னியது. இன்னொரு தடவை. அப்போதும் அப்படியே.

“வாடை ரெண்டு பக்கமும் வருதா, ஒரு பக்கமா?” என்று டாக்டர் கேட்டார்.

அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. சீனித்தாய் யோசித்தாள். “சளி எடதுலதாம்மா வரும்.”

“பீனிசம்னா ரெண்டு பக்கமும் இருக்கும். உனக்கு அது இல்ல. உள்ள என்னமோ அடைச்சிக்கிட்டு இருக்கு.”

நெற்றியில் கட்டிய கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பி, இடது துவாரத்தை விரித்து, மெல்லிய கம்பியை உள்ளே விட்டார். கம்பி எதிலோ முட்டி நறநறத்தது. அந்தச் சத்தம் சீனித்தாயின் மண்டைக்குள் கேட்டது.

மரத்துப்போக மருந்துப் பஞ்சு வைத்துக் காத்திருந்தார்கள். பிறகு டாக்டர் வளைந்த கொக்கியை அந்த அடைப்புக்குப் பின்னால் கொடுத்து இழுத்தார். கொஞ்சம் ரத்தம் வந்தது. பீங்கான் கிண்ணத்தில் ‘டிங்’ என்று ஒரு கல் விழுந்தது. கருப்பாக, கரடுமுரடாக, மொச்சைப் பயறு அளவில் இருந்தது. இடுக்கியால் உடைத்துப் பார்த்தால், நடுவில் ஒரு பருத்திக்கொட்டை.

ஆவுடைத்தாய் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கைப்பிள்ளையாக இருந்த இவளைப் பருத்தி அம்பாரத்தில் விளையாட விட்டுவிட்டுக் காட்டுவேலை பார்த்தது ஞாபகம் வந்தது. அழுதாள். சீனித்தாய் அழவில்லை. இடது மூக்கில் குளிர்ந்த காற்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் திரும்பத் திரும்ப மூச்சை இழுத்துப் பார்த்தாள். உடைந்த கல்லைத் தனக்குத் தரும்படி கேட்டாள். டாக்டர் சிரித்துக்கொண்டே கழுவிக் கொடுத்தார்.

உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவி வந்ததில் ஒரு வாரத்துக்குள் வாடை முழுக்கப் போய்விட்டது. வாடை போன மறுநாளே முகத்தை மூடாமல் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். கண்காணி பாண்டியம்மாளின் மேசையில் கல்லை மடித்து வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள்.

“இதுதாங்க்கா நாறுனது. நான் இல்ல.”

பெண்கள் குச்சி அடுக்கும் சட்டங்களைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். பாண்டியம்மாள் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு சீனித்தாயின் முகத்துக்கு வெகு அருகில் வந்து, ஆழமாக மூச்சை இழுத்தாள்.

“ஒண்ணும் இல்லட்டி,” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காதில் சீழ் வடிகிறவர்கள், மூக்கடைப்புக்காரர்கள் என்று ஒரு கூட்டம் டாக்டரம்மா வீட்டுத் தெருவில் நடந்து வந்தது. முன்னால் நிமிர்ந்து வழிகாட்டிக்கொண்டு போனவள் சீனித்தாய்.