ஒரு பல் தள்ளி

வண்டியைக் கெடுத்தவள் என்று அவளுக்குப் பெயர். கட்டினவனே வைத்த பெயர் அது. அந்தப் பழைய கார் மேட்டில் மூச்சு வாங்குகிறதா? அவள் கிளட்சிலேயே காலை வைத்து ஓட்டியதால். பெட்ரோலைக் குடிக்கிறதா? அவள் மிதித்த மிதியால். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவனுக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்கிற உத்தியோகம். வீடு வீடாக ஏறி இறங்குகிறவனுக்குப் பெண்டாட்டி கதை சொல்ல இடத்துக்கா பஞ்சம்?

அந்தச் சிரிப்பில்தான் அவள் வேலை போயிற்று. மேட்டு மேலே ஆஸ்பத்திரி மருந்தகத்தில் விடிகாலை ஷிப்ட். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. "இன்னும் கொஞ்ச நாள் நீ ஓட்டினா இது காயலான் கடைக்குத்தான் போகும்" என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டான். அவளும் வாயை மூடிக்கொண்டு கொடுத்தாள். கொடுத்தவளைச் சொல்லவேண்டும்.

இப்போது அதே மருந்தகத்தில் மறுபடி ஆள் வேண்டுமாம். திங்கட்கிழமை வர முடியுமா என்று ஞாயிறு சாயங்காலத்துக்குள் சொல்லச் சொல்லியிருந்தார்கள். அவனிடம் கேட்டாள். "மொதல்ல வண்டி சரியாகட்டும், பாக்கலாம்" என்றான். அந்தப் 'பாக்கலாம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவள் வாரம் முழுக்க இருந்தாள்.

எஞ்சினுக்குள் டக்டக்கென்று ஒரு சத்தம். வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டான கேம்ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. அவனுடைய தம்பி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். வண்டிக்குக் கடைசியாக, அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெல்ட் மாற்றியதும் அவன்தான். ஆனால் இந்தத் தடவை தானே மாற்றுவது என்று இவன் முடிவு கட்டிவிட்டான். "எல்லாம் வீடியோல இருக்கு." ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு முன்னால் பானெட்டைத் தூக்கினான். விளக்குப் பிடிக்கிற வேலை அவளுக்கு.

கவர் கழன்றது. கீழே ஒரு சக்கரம், மேலே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஒரு பல் பெல்ட். கீழ்ச் சக்கரத்தின் வெட்டு பூஜ்யக் கோட்டில் நிற்கும்போது, மேல் சக்கரத்தின் புள்ளியும் அதற்கென்று உள்ள கோட்டில் நிற்கவேண்டும். அதற்குத்தான் டைமிங் என்று பெயர். அவன் கீழ்ச் சக்கரத்தைக் கோட்டுக்குக் கொண்டுவந்தான். அவளுடைய சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, இருந்த இருப்பிலேயே சக்கரத்திலும் பெல்ட்டிலும் அடையாளம் போட்டான்.

"இருந்த மாதிரியே திருப்பி மாட்டினா வேல முடிஞ்சுது. மூளைன்னா இது."

அவள் விளக்கைத் தாழ்த்தினாள். "என்னங்க, மேல புள்ளி கோட்டுக்கு வரலையே?"

"விளக்க ஆட்டாத."

"ஆட்டல. ஒரு பல்லு பின்னாடி நிக்குது, பாருங்க."

பார்த்தான். ஸ்பானரைப் போட்டு எஞ்சினை இரண்டு சுற்று கையால் சுற்றிவிட்டு மறுபடி பார்த்தான். புள்ளி அங்கேயேதான் நின்றது. "தம்பி போட்டது, தப்பா இருக்காது" என்றான், சுரத்தே இல்லாமல். "அவனுக்கு போன் போடு."

அவன் கையெல்லாம் கிரீஸ். அவள்தான் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவன் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"ஆமாண்ணே" என்றான் தம்பி, சாவகாசமாக. "அன்னைக்கு பெல்ட்ட இறுக்கும்போது ஒரு பல்லு தள்ளிப் போச்சு. மறுபடி யாரு கழட்டுறது? ஸ்டார்ட் ஆச்சு, விட்டுட்டேன். என்ன, மேட்டுல கொஞ்சம் இழுக்காது. அவ்வளவுதானே?"

அவ்வளவுதானாம்! அடப்பாவி, ஒருத்தியின் வேலையும் பெயரும் போனது உனக்கு அவ்வளவுதானா? கூடம் நிஜமாகவே கோணலாக இருந்திருக்கிறது. கோணலாகக் கட்டியவன் கூடப்பிறந்தவன்.

அவள் போனைத் தாழ்த்தாமல் நின்றாள். உன் மேல தப்பில்ல என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். ஒரு 'ச்சே' வந்திருந்தால்கூட அவளுக்குப் போதும்.

"சரி, வெச்சிடு. அந்தப் பெரிய ஸ்பானர எடு" என்றான்.

வேலையை ஒழுங்காகத்தான் முடித்தான், இல்லை என்று சொல்லக்கூடாது. நெயில் பாலிஷ் அடையாளத்தைத் துடைத்தெறிந்தான். புது கேம்ஷாஃப்டை உட்காரவைத்து, புள்ளியைக் கோட்டோடு சேர்த்து, பெல்ட்டை மாட்டி, கையால் சுற்றிச் சரிபார்த்த பிறகே சாவியைத் திருப்பினான். டக்டக் போய்விட்டது. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து மேட்டில் ஏற்றினான். மூன்றாம் கியரிலேயே வண்டி குடுகுடுவென்று ஏறியது.

"பாத்தியா? நம்ம கை பட்டதும் எப்படிப் போகுது!"

"அப்போ வண்டியக் கெடுத்தது நான் இல்லையே?"

"பழசக் கெளறாத. இந்தா, ஓட்டு."

திரும்பி வரும்போது பாதி இறக்கத்தில் வண்டியைத் திருப்பி, மேட்டைப் பார்க்க நிறுத்தி, அவளை ஓட்டுகிற இடத்தில் உட்காரவைத்தான். அவள் கால்களுக்குத் தெரிந்தது அந்தப் பழைய வண்டிதான். அதை மேட்டில் கிளப்ப ஆக்ஸிலரேட்டரை அமுக்கி மிதிக்கவேண்டும், இல்லாவிட்டால் நகராது. அதே பழக்கத்தில் மிதித்தாள். சரியாகிவிட்ட வண்டி கயிறு அறுத்த கன்றுக்குட்டியாகத் துள்ளிப் பாய்ந்தது. பதறிப்போய் பிரேக்கை மிதித்தாள். எஞ்சின் அணைந்தது.

அவன் தொடையில் தட்டிச் சிரித்தான். "நான் சொன்னேன்ல? இறங்கு, இறங்கு. இப்பத்தான் சரி பண்ணியிருக்கேன்."

வீட்டுக்கு வந்து சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கையில் சோப்பைத் தேய்த்தான். போன் அடித்தது. தம்பி. அவள்தான் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"என்னண்ணே, இழுக்குதா?"

"ஜோரா இழுக்குது. உங்க அண்ணிகிட்ட குடுத்தேன், எடுத்ததுமே அணைச்சிட்டா!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். போனைப் பிடித்திருந்த கை அவளுடையது. அவர்கள் சிரித்து முடிக்கும்வரை அசையாமல் பிடித்திருந்தாள். பிறகு அந்த அழைப்பை அணைத்துவிட்டு, அதே போனிலேயே மருந்தகத்துக்குப் பேசினாள்.

"நாளைக்கு வந்துடறேங்க."

சோப்பு நுரையோடு திரும்பினான். "வரேன்னு சொல்லிட்ட, எதுல போவ? சாவி தரமாட்டேன், தெரியும்ல?"

"வேண்டாம். நடந்து போறேன்" என்றாள். "அன்னைக்கே நடந்திருக்கணும்."