தண்ணி படாத காவடி

சிவப்பு பல்பின் அடியில் நின்று தமயந்தி சட்டத்தில் இழுத்துக் கட்டிய சல்லாத்துணிமேல் மூன்றாவது பூச்சை இழுத்தாள். ஜெலட்டினும் பைக்ரோமேட்டும் கலந்த மஞ்சள் கூழ். படம் வரைந்த ஃபிலிமை மேலே வைத்து வெயில் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் கெட்டியாகும். படம் மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து ஓடும். ஓடிய இடத்தின் வழியாகத் துணியில் சாயம் இறங்கும். ஸ்கிரீன் பிரிண்டிங்கே அவ்வளவுதான் என்பார் முதலாளி கஜபதி. சொல்வதோடு சரி. கூழைத் தொட்டால் விரலிடுக்கில் புண் வரும் என்று அவருக்குத் தெரியும். தமயந்திக்கு வந்திருந்தது.

பொதட்டூர்பேட்டை ஜவுளி வியாபாரி வேதாசலத்துக்கு லுங்கி ஓரத்தில் தங்க மயில் வேண்டும். தடவினால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். சாயம் தடிமனாக இறங்க, பூச்சும் தடிமனாக இருக்கவேண்டும். இரண்டு சட்டம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. மேலே கெட்டி, அடியில் வேகாத பச்சை. தண்ணீர் ஊற்றியதும் மயில் பூச்சோடு உரிந்து சாக்கடையில் இறங்கிப் போனது.

"தோச மாதிரி திருப்பிப் போட்டுப் பாரேன்," என்றான் சாயம் இழுக்கும் எல்லப்பன். அவள் அக்காள் புருஷன். அவனுக்குத் தெரிந்த விஞ்ஞானம் அடுப்போடு நின்றுவிட்டது.

கஜபதி சிரிக்கவில்லை. "சாயந்திரம் அவரு வராரு. மயிலு நிக்கலன்னா சட்டத்த மெட்ராஸ்ல பண்ணிக்கறேன். நீ பழையபடி தறிக்கு நூல் தார் சுத்தப் போயிடு."

ஆடிக் கிருத்திகைக் கூட்டம். மொட்டைமாடியைக் கஜபதி யாத்திரிகர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அங்கே பத்து அடுப்புப் புகை. வெயில் வேண்டுமென்றால் முருகன் கோயில் மலைக்குத்தான் போகவேண்டும். சட்டம், ஃபிலிம், கண்ணாடி மூன்றையும் சேர்த்துக் கட்டி, கறுப்புக் கம்பளியால் மூடி, எல்லப்பன் தோளில் ஏற்றினாள்.

படிக்கட்டில் அதைக் காவடி என்று நினைத்துக் கூட்டம் தானாக வழிவிட்டது. "அரோகரா" என்று யாரோ சொல்ல, பின்னால் பம்பை முழங்க, எல்லப்பனின் கால் சும்மா இருக்கவில்லை.

"ஆடாத பாவா. மயிலு நகந்துடும்."

மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு ஓர் அம்மாள் குறுக்கே வந்தாள். காவடிக்கு ஊற்றுவது வழக்கம். இன்னும் வெயில் காணாத பூச்சில் ஒரு சொம்பு விழுந்தாலும் எல்லாம் கூழ்தான். தமயந்தி நடுவில் பாய்ந்தாள்.

"ஊத்தாதீங்கம்மா. இது தண்ணி படாத காவடி."

"அப்டி ஒரு காவடியா?"

"ஆங். பொதட்டூர்பேட்ட வேண்டுதலுங்க."

அம்மாள் யோசித்தாள். பிறகு குடம் முழுவதையும் தமயந்தியின் காலில் கவிழ்த்துவிட்டு, எல்லப்பன் நெற்றியில் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். கடவுளை ஏமாற்றிய கூச்சத்தில் அவனும் குனிந்து கும்பிடப் போனான். தமயந்தி அவன் சட்டையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

பாறைமேல் கம்பளியை விலக்கினார்கள். ஆடி மேகம் வெயிலை விட்டுவிட்டுக் கொடுத்தது.

"மேல செவந்துடுச்சு. போலாம் வா," என்றான் எல்லப்பன்.

"போன ரெண்டு வாட்டியும் இத்த நம்பித்தான் ஏமாந்தேன்."

அவள் சூடேறிய பாறையில் கன்னம் பதியப் படுத்து, சட்டத்துக்கு அடியில் வெளிச்சம் புகாமல் செருகியிருந்த துணியை ஓர் ஓரம் விலக்கிப் பூச்சின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அடி இன்னும் மஞ்சளாகவே இருந்தது. மேகம் வந்தது, போனது. அவள் மறுபடி மறுபடி படுத்துப் பார்த்தாள். முருகனுக்கு இப்படி ஒரு நமஸ்காரமா என்று போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அடியிலும் பழுப்பு ஏறிய பிறகுதான் எழுந்தாள்.

கடைப் பின்கட்டில் தண்ணீர் ஊற்றினாள். மஞ்சள் கரைந்து வழிந்தது. மயில் நின்றது. கொண்டையிலிருந்த மயிரிழைக் கோடுகூட நின்றது. அவள் வெயிலுக்கு எதிரே சட்டத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். எல்லப்பன் சாயம் கலக்க உட்கார்ந்தான்.

சாயந்திரம் வேதாசலம் அச்சடித்துக் காய்ந்த லுங்கியின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். மறுபடி ஓட்டினார்.

"யாருங்க போட்டது?"

"நம்ம கை வேலதாங்க," என்றார் கஜபதி.

தமயந்தி மெல்ல வந்து மயிலின் பக்கம் கையை நீட்டினாள்.

"நீ தொடாதம்மா," என்றார் கஜபதி. "கைப் புண்ணு. கறை பட்டுடும்."

அவள் கையை மடக்கிக்கொண்டாள். இருவரும் வாசலுக்குக் காபி சாப்பிடப் போனபின், புண் இல்லாத முழங்கையை மெதுவாகத் தோகைமேல் வைத்து இழுத்தாள். ஒவ்வோர் இறகும் தட்டுப்பட்டது.