புகழ்ந்து தீர்ந்த வேகம்

எங்கள் ஊரில் ஒரு காரின் வேகத்தைப் புகழ்ந்தால் அந்த வேகம் காரிலிருந்து கழிந்துவிடும். புகழ்ச்சி எவ்வளவு நயமாக இருக்கிறதோ அவ்வளவு அதிகமாகக் கழியும். அதனால் நல்ல கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் நடந்துதான் போவார்கள்.

ஞாயிறு காலையில் ரேஸ்கோர்ஸ் இளநீர் வண்டிக்கு எதிரே நாங்கள் கூடுவோம். கார்களைத் தள்ளிக்கொண்டு வர வேண்டியிருக்கும். யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை.

“தினம் காய்கறி வாங்கப் போறவனுக்கு முந்நூறு குதிரை எதுக்குய்யா? கத்திரிக்காய் என்ன ஓடியா போகுது?” என்பார் கந்தவேலு.

“ஆட்டோமேட்டிக் ஓட்டுற ஆளு பேசக் கூடாது. நீ டிரைவரே இல்ல, பாசஞ்சர்,” என்பார் பெலிக்ஸ்.

என்னுடையது இரண்டு பேர் மட்டும் உட்காரும் சிவப்புக் கார். நான் அதிகம் பேசுவதில்லை. ஒரு ஞாயிறு, மூன்றாவது கியரில் அது மழைக்கு முன்னால் வரும் காற்று என்றேன். இருவரும் சண்டையை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள். இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

அப்போதுதான் தங்கை மங்கை போன் செய்தாள். பல வருடங்களாக எங்களுக்குள் பேச்சில்லை. மகனோடு இருந்துவிட டெல்லிக்குப் போகிறாளாம். இனி வரமாட்டாளாம்.

“இன்னும் கொஞ்ச நேரத்துல ரயில். பாக்கணும்னா ஸ்டேஷனுக்கு வா.”

காரை எடுத்தேன். இன்ஜின் அழகாக உறுமியது. தெருவில் படுத்திருந்த நாய் படுத்தபடியே என்னை முந்திப் போனது.

பின்னால் வந்த ஜெயக்கொடி நிறுத்தினாள். பக்கத்து வீட்டுக்காரி. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, மாவு மில் என்று தினமும் ஓட்டும் பழைய சின்னக் கார் அவளுடையது. எப்படி ஓடுகிறது என்று யார் கேட்டாலும் “போகுதுங்க” என்பதோடு சரி.

“ஏறுங்க டீச்சரம்மா.”

பின்சீட்டில் மாவு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரும் ஒரு சொல்லும் சொல்லாத கார். வாங்கிய நாளின் வேகம் முழுவதும் அதில் அப்படியே இருந்தது. ரயில்வே மேம்பாலத்தில் ஏறியபோது ஸ்டேஷன் கூரை தெரிந்தது. மங்கையிடம் முதலில் என்ன சொல்வது என்று யோசித்திருக்க வேண்டும். நான் வாயைத் திறந்தேன்.

“சூடான கல்லுல நெய் ஓடுற மாதிரி ஓடுதும்மா உன் கார்.”

கார் நின்றுவிட்டது.

ஜெயக்கொடி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருக்கலாம். எனக்குக் காதுவரை சுட்டது. உவமை நன்றாக அமைந்ததில் உள்ளே எங்கோ ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது. அதுதான் அதிகம் சுட்டது.

இறங்கி ஓடும் முழங்கால்கள் எனக்கில்லை. சற்று நேரத்தில் பாலத்துக்குக் கீழே ரயில் போனது. போன் அடித்தது.

“வரலியாக்கா?”

“கார்...” என்றேன்.

“உனக்கு எப்பவும் கார்தான்,” என்று மங்கை போனை வைத்துவிட்டாள்.

ஜெயக்கொடி கதவைத் திறந்து என்னை இறக்கிவிட்டாள். முந்தானையைச் செருகிக்கொண்டு, காரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“திருப்பூர்ல ரயில் கொஞ்சம் நிக்குமுங்க. நடங்க, புடிச்சுக்கலாம்.”

மாவு சிந்தாமல் இருக்கப் பின்கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவளோடு நடந்தேன்.